“அந்த பட்டன் எங்க இருக்கு?” - இணையதள ‘காம்பொனென்ட்’களை அடுக்கி வைப்பது ஏன் தனி வேலை?

மாலை ஆறு மணி. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்ன டிசைன் ஸ்டூடியோ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் போன் செய்கிறார். “தம்பி, பழைய நம்பரை விட்டாச்சு. சைட்ல புது நம்பரைப் போட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே?”

கேட்பதற்கு ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்தத் தளத்தில் 40 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், ‘ஃபுட்டர்’ பகுதியில், அந்த எண் இருக்கிறது. முதலில் தளத்தைச் செய்தவர், ஒரு பக்கத்தில் ஃபுட்டரைச் செய்துவிட்டு மற்ற 39 பக்கங்களுக்கும் காப்பி-பேஸ்ட் அடித்திருக்கிறார். இப்போது வேலையில் இருப்பவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மாற்றுகிறார். 37 பக்கங்கள் மாறிவிட்டன. மூன்று விட்டுப்போயின. அதில் ஒன்று, ‘மொத்த ஆர்டர்’ பக்கம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இந்தியாவில், கைவிடப்பட்ட மொபைல் எண்ணை 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. அதாவது, சில மாதங்களில் அந்த மூன்று பக்கங்களிலும் இருப்பது முன்பின் தெரியாத ஒருவரின் எண்ணாக மாறியிருக்கலாம். அட்வான்ஸ் அனுப்பத் தயாராக இருக்கும் ஒரு வியாபாரி, அந்த ஆளைத்தான் அழைப்பார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இணையதள வேலையில் இருக்கும் எவருக்கும் இதன் ஏதோ ஒரு வடிவம் தெரிந்திருக்கும். ஒரே பொருளைப் பல இடங்களில் பயன்படுத்துவது எப்படி, அதை எங்கே வைப்பது, என்ன பெயர் கொடுப்பது, யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகளை டிசைன் மென்பொருள்கள் பாதிவரைதான் தீர்த்துவைக்கின்றன. மீதிப் பாதி மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலைக்கு நேரமும் இல்லை, பில்லும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

காம்பொனென்ட் என்றால் என்ன?

ஓர் இணையதளத்தில் திரும்பத் திரும்ப வரும் பொருட்கள் உண்டு. மேலே மெனு, கீழே ஃபுட்டர், நடுவில் பட்டன், பொருளின் படமும் விலையும் உள்ள கார்டு, பெயரும் எண்ணும் நிரப்பும் படிவம். இவற்றை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் எல்லாம் வைப்பதற்குப் பெயர்தான் காம்பொனென்ட். ஃபிக்மாவில் இதே பெயர். வேர்ட்பிரஸில் ‘பேட்டர்ன்’. ஸ்கெட்ச் மென்பொருளில் ‘சிம்பல்’.

இதை ரப்பர் ஸ்டாம்புடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டாம்பில் எழுத்தை மாற்றினால், ஏற்கெனவே குத்திய தாள்கள் மாறாது. காப்பி-பேஸ்ட்டும் அப்படித்தான். காம்பொனென்ட் என்பது வாட்ஸ்அப் குரூப்பின் படம் மாதிரி. அட்மின் ஒருமுறை மாற்றினால், குரூப்பில் உள்ள எல்லோருடைய போனிலும் மாறிவிடும்.

மூலம் ஒன்று, அதோடு கயிறு கட்டிய நகல்கள் பல. ஃபிக்மாவின் மொழியில் மூலத்துக்கு ‘மெயின் காம்பொனென்ட்’, நகலுக்கு ‘இன்ஸ்டன்ஸ்’. அந்தக் கயிற்றை அறுத்துவிடும் வசதிக்கு ‘டிடாச்’. இந்த மூன்று சொற்கள் தெரிந்தால் மீதிக் கதை புரிந்துவிடும்.

இது புதிய யோசனையா?

இல்லை. 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற வரைபட மென்பொருளிலேயே இது இருந்தது. ஒரு மூல வரைபடத்தை மாற்றினால், அதிலிருந்து எடுத்த நகல்கள் எல்லாம் மாறும். 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய், மென்பொருளையும் தொழிற்சாலை உதிரிபாகம் போலத் தயாரித்துவைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டார்.

இணையதளங்களுக்கு இது வந்தது பின்னால். மேக்ரோமீடியா நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த டிரீம்வீவர் மென்பொருளில் ‘லைப்ரரி ஐட்டம்’, ‘டெம்ப்ளேட்’ என்ற வசதிகள் பிரபலமாயின. அதில் மூலத்தை மாற்றினால், மென்பொருளே ஒவ்வொரு பக்கத்தின் கோப்பையும் திறந்து திருத்தி எழுதும். ஆனால் மாறிய பக்கங்களை எல்லாம் சர்வரில் ஏற்ற வேண்டும். நாலு பக்கம் ஏற்ற மறந்தால், அந்த நாலிலும் பழைய ஃபுட்டர்தான்.

2011-இல் ட்விட்டர் நிறுவனத்தில் பிறந்த பூட்ஸ்ட்ராப், ரெடிமேட் பட்டன்களையும் படிவங்களையும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2013-இல் பிராட் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ‘அட்டாமிக் டிசைன்’ என்ற முறையை முன்வைத்தார். பட்டன், லேபிள் போன்றவை அணுக்கள். அவை சேர்ந்தால் மூலக்கூறு. அவையும் சேர்ந்தால் உயிரி. இப்படிச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொண்டு போகும் முறை. 2014-இல் கூகுள் ‘மெட்டீரியல் டிசைன்’ கொண்டுவந்தது. 2016-இல் ஃபிக்மா பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆக, கருவிக்குப் பஞ்சமே இல்லை. அறுபது ஆண்டுகளாக யோசனை இருக்கிறது. கடந்த பத்து ஆண்டுகளாக, ஓரிரு கிளிக்கில் காம்பொனென்ட் செய்யும் வசதி ஒவ்வொரு டிசைனரின் லேப்டாப்பிலும் இருக்கிறது. அப்புறம் ஏன் இன்னும் இந்தக் குழப்பம்?

செய்வது சுலபம், தேடுவது கஷ்டம்

காரணம் எளிது. காம்பொனென்ட் செய்வதைச் சுலபமாக்கிய மென்பொருள்கள், அதைக் கண்டுபிடிப்பதை அதே அளவுக்குச் சுலபமாக்கவில்லை. ஒரு குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் லைப்ரரியைத் திறந்து ‘பட்டன்’ என்று தேடுகிறார். ‘பட்டன்’, ‘பட்டன் நியூ’, ‘பட்டன் ஃபைனல்’, ‘பட்டன் ஃபைனல் 2’, ‘ப்ளூ பட்டன் யூஸ் திஸ்’ என்று ஐந்து வருகின்றன.

“அக்கா, இதுல எதை எடுக்கறது?”

“அது எனக்கும் சரியாத் தெரியலப்பா. நீ புதுசா ஒண்ணு போட்டுடு. டைம் இல்ல.”

அன்றைக்கு ஆறாவது பட்டன் பிறக்கிறது. யாரும் சோம்பேறித்தனத்தால் இதைச் செய்யவில்லை. தேடும் நேரத்தைவிடச் செய்யும் நேரம் குறைவாக இருந்தால், யாராக இருந்தாலும் செய்யத்தான் செய்வார்கள். மளிகைக் கடையில் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அவர் லீவு போட்ட அன்று வியாபாரம் நடக்காது. டிசைன் லைப்ரரியும் அப்படித்தான். ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருக்கும் ஒழுங்கு, அவர் வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போய்விடும்.

ஐடி துறையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லைப்ரரிகள் மட்டும், செய்தவர் கடைசிவரை அங்கேயே இருப்பார் என்ற நம்பிக்கையில் கட்டப்படுகின்றன.

பெயர் வைப்பதில் பாதிப் பிரச்சினை தீரும்

முதல் விதி, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் வைக்கக் கூடாது. என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து வைக்க வேண்டும். ‘நீல பட்டன்’ என்று பெயர் வைத்தால், தீபாவளி சேலுக்கு கிளையன்ட் “சிவப்பு போடுங்க” என்று சொன்ன அன்றே அந்தப் பெயர் பொய்யாகிவிடும். சிவப்பாக இருக்கும் ‘நீல பட்டன்’ எத்தனையோ ஃபைல்களில் இன்றைக்கும் இருக்கிறது.

‘முதன்மை பட்டன்’ என்று வைத்தால் நிறம் எதுவானாலும் பிரச்சினை இல்லை. பக்கத்தில் முக்கியமான செயலுக்கு, அதாவது ‘வாங்கு’, ‘பணம் செலுத்து’ போன்றவற்றுக்கு, இதை வைக்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிகிறது. ‘துணை பட்டன்’, ‘எச்சரிக்கை பட்டன்’ ஆகியவையும் இதே போலத்தான். நீக்குவதற்கான பட்டனைத் தேடுபவர் ‘எச்சரிக்கை’ என்று பார்த்ததும் எடுத்துவிடுவார்.

இரண்டாவது, பெரியதிலிருந்து சிறியதாகப் பெயர் போக வேண்டும். தபால்காரருக்கு முகவரி மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று சுருங்கிக்கொண்டே போவது போல. ஃபிக்மாவில் பெயருக்கு நடுவே சாய்கோடு போட்டால், அதை வைத்து மென்பொருளே தொகுத்துக் காட்டும். ‘படிவம்/உள்ளீடு/தேதி’ என்று எழுதினால், படிவம் என்ற அறைக்குள் உள்ளீடு என்ற அலமாரியில் தேதி உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, வெளியே காட்ட வேண்டாத பொருட்களை மறைத்துவைக்க வேண்டும். ஒரு பெரிய கார்டைச் செய்வதற்காக உள்ளே நான்கு துண்டுகள் செய்திருக்கலாம். அவை மற்றவர்கள் கண்ணில் படத் தேவையில்லை. ஃபிக்மாவில் பெயரின் முன்னால் ஓர் அடிக்கோடோ புள்ளியோ வைத்தால், அது லைப்ரரியில் வெளியிடப்படாது. சமையலறையில் இருக்க வேண்டியது பந்தியில் வந்து நிற்காது.

எல்லாவற்றையும் காம்பொனென்ட் ஆக்கலாமா?

கூடாது. இங்கேதான் ஆர்வமுள்ள டிசைனர்கள் தவறுகிறார்கள். புதிதாகக் கற்றுக்கொண்டவர் கண்ணில் படுவதை எல்லாம் காம்பொனென்ட் ஆக்குவார். ஒரே ஒரு பக்கத்தில், ஒரே ஒரு முறை வரும் பேனருக்குக்கூட மூலம், நகல், பத்து ஆப்ஷன். பின்னால் அதை மாற்றப்போனால், எதைத் தொட்டால் எது மாறும் என்று செய்தவருக்கே தெரியாது.

மென்பொருள் எழுதுபவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. ‘மூன்றின் விதி’ என்பார்கள். மார்ட்டின் ஃபவுலர் 1999-இல் எழுதிய ‘ரீஃபாக்டரிங்’ புத்தகம் இதைப் பரவலாக்கியது. ஒரு விஷயத்தை முதல் தடவை செய்யும்போது சும்மா செய்யலாம். இரண்டாவது தடவை வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது தடவையும் வந்தால், பொதுவாக்கிவிட வேண்டும். டிசைனுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். மூன்று இடங்களில் வந்த பிறகுதான் அவற்றில் எது பொது, எது மாறுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அளவுக்கு மீறி அடக்கினாலும் ஆபத்து. ஒரு கார்டுக்குள் படம் உண்டு/இல்லை, விலை உண்டு/இல்லை, தள்ளுபடி உண்டு/இல்லை, ஐகான் உண்டு/இல்லை, பட்டன் உண்டு/இல்லை என்று ஐந்து சுவிட்சுகள் வைத்தால், 32 வகைக் கார்டுகள் வரும். அவற்றில் எத்தனையை யாராவது சரிபார்த்திருப்பார்கள்? அதற்குப் பதில் ‘பொருள் கார்டு’, ‘செய்தி கார்டு’ என்று இரண்டாகப் பிரித்தால் எல்லோருக்கும் நிம்மதி.

லைப்ரரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல அளவுகோல் ‘டிடாச்’. ஒரு காம்பொனென்ட்டை எடுத்தவர்கள் அடிக்கடி கயிற்றை அறுத்துவிட்டு உள்ளே கைவைக்கிறார்கள் என்றால், திட்ட வேண்டியது அவர்களை அல்ல. அந்தக் காம்பொனென்ட் அவர்கள் தேவைக்கு வளையவில்லை என்று அர்த்தம். ஃபிக்மாவின் உயர்நிலைக் கட்டணத் திட்டங்களில் இந்த எண்ணிக்கையே தெரியும். மற்றவர்கள் பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்டாலே போதும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க

உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் பள்ளி, மருத்துவமனை, கடை எனச் சின்ன தளங்கள் பலவும் இதில்தான். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில், ‘ரீயூசபிள் பிளாக்’ என்ற பெயரில் இந்த வசதி கிடைத்தது. 2023 ஆகஸ்ட்டில் வந்த 6.3 பதிப்பில் அதன் பெயர் ‘சிங்க்டு பேட்டர்ன்’ என்று மாறியது.

பேட்டர்னை உருவாக்கும்போது ஒரு சின்ன சுவிட்ச் வரும். அது சிங்க் ஆக வேண்டுமா, வேண்டாமா? இந்தச் சுவிட்சைத்தான் பலர் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். சிங்க் ஆனது என்றால், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும். சிங்க் ஆகாதது என்றால், வெறும் காப்பி.

தொலைபேசி எண், முகவரி, வேலை நேரம், உரிம எண் போன்றவை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியவை. அவை சிங்க் ஆக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் வாசகம் மாறும் அறிமுகப் பகுதி போன்றவற்றுக்கு வெறும் காப்பி போதும். இரண்டையும் மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? முதல் வகையில், ஈரோட்டுக் கடையின் பழைய எண் கதை. இரண்டாவது வகையில் அதற்கு நேரெதிரான விபத்து நடக்கும். பொங்கல் வாழ்த்து போட ஒரு பக்கத்தைத் திறந்து ஜூனியர் ஒருவர் தலைப்பை மாற்றுகிறார். அது தளத்தில் உள்ள அத்தனை சேவைப் பக்கங்களின் தலைப்பையும் ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ ஆக்கிவிடுகிறது.

வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும், வாசகம் மட்டும் மாற வேண்டும் என்ற நிலைக்கு, 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பு ‘ஓவர்ரைடு’ வசதியைக் கொடுத்தது. எந்தப் பகுதியை மாற்றலாம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தால், அதை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றலாம். மற்றது பூட்டியபடி இருக்கும்.

தமிழில் போட்டுப் பார்த்தீர்களா?

இங்கே உருவாகும் லைப்ரரிகளில் ஒரு பொதுவான குறை உண்டு. எல்லாக் காம்பொனென்ட்டும் ஆங்கில வாசகத்தை வைத்தே செய்யப்படுகின்றன. ‘சப்மிட்’ என்பது ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. அதற்காக அளவெடுத்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டால், எழுத்து வெளியே வழியும் அல்லது இரண்டு வரியாக உடையும்.

உயரத்திலும் சிக்கல் வரும். தமிழில் மேலே புள்ளியும் இகரக் குறிகளும், கீழே உகரக் குறிகளும் வரும். ஆங்கிலத்துக்கு நெருக்கமாக வைத்த வரி இடைவெளியில் ‘பூ’, ‘கீ’ போன்ற எழுத்துகளின் நுனி வெட்டுப்படும், அல்லது மேல்வரியோடு இடிக்கும். இரண்டு மொழித் தளம் செய்பவர்கள் கடைசி வாரத்தில் தமிழைப் போட்டுப் பார்த்துத் தலையில் கைவைப்பது இதனால்தான்.

சரியாக அடுக்கிய லைப்ரரியில் இந்தத் திருத்தம் ஓரிடத்தில் நடக்கும். பட்டனின் அகலம் வாசகத்துக்கு ஏற்ப விரியும்படி மூலத்தில் மாற்றினால், 40 பக்கங்களிலும் சரியாகிவிடும். லைப்ரரி இல்லையென்றால், 40 பக்கங்களிலும் ஒவ்வொரு பட்டனாக இழுத்து நீட்ட வேண்டும். கிளையன்ட்டுக்கு “தமிழ் வெர்ஷன் கஷ்டம் சார்” என்று சொல்லப்படும் பதிலுக்குப் பின்னால், பல நேரம் இருப்பது மொழியின் கஷ்டம் அல்ல. அடுக்கிவைக்காத ஃபைலின் கஷ்டம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டுதலின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பெரும்பாலும் இதில் தோற்கும். மூலத்தில் தவறு இருந்தால் தளம் முழுக்கத் தவறு. அதே மூலத்தில் திருத்தினால் தளம் முழுக்கத் திருத்தம். காம்பொனென்ட்டின் பலமும் அபாயமும் ஒன்றே.

பிரிட்டன் அரசு செய்த காரியம்

இந்த வேலையைத் தனி வேலையாக மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம், பிரிட்டன் அரசின் ‘கவ்.யூகே’ தளம். 2012 அக்டோபரில், அரசின் முந்தைய பெரிய தளங்களுக்குப் பதிலாக இது வந்தது. 2018-இல் அதன் டிசைன் சிஸ்டம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது.

அதில் தேதி நிரப்பும் காம்பொனென்ட்டைப் பாருங்கள். பிறந்த தேதி போன்ற, நமக்கு மனப்பாடமாகத் தெரிந்த தேதிகளுக்குக் காலண்டர் திறக்காது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சின்னப் பெட்டிகள் வரும், அவ்வளவுதான். 1958-இல் பிறந்தவர் காலண்டரில் மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. இது பயன்படுத்துபவர்களிடம் சோதித்து எடுத்த முடிவு. அந்தக் காம்பொனென்ட்டை எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு துறைக்கும் அந்தச் சோதனையின் பலன் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றோடும் எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்ற குறிப்பும் இருக்கிறது.

இன்னொன்று முக்கியம். அந்த லைப்ரரிக்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. புதிதாக ஒன்றைப் பரிந்துரைப்பவர், அது பலருக்கும் பயன்படும் என்பதையும், ஏற்கெனவே இருப்பதன் மறுபதிப்பு அல்ல என்பதையும் காட்ட வேண்டும். இந்த இரண்டு கேள்விகளை வாசலில் வைத்தாலே ஆறாவது பட்டன் பிறக்காது. வாசலில் நின்று கேட்க ஆளும் இருக்கிறது. அந்த லைப்ரரிக்கென்றே ஒரு குழு வேலை செய்கிறது.

“நாங்க ரெண்டே பேரு, இதெல்லாம் முடியுமா?”

நியாயமான கேள்வி. அரசாங்கத்துக்குக் குழு வைக்க முடியும். கோவையில் இரண்டு பேர் நடத்தும் ஸ்டூடியோவுக்கு? தனியாக ஃப்ரீலான்ஸ் செய்பவருக்கு? கிளையன்ட் கேட்பது ஹோம் பேஜ். லைப்ரரியை அவர் பார்க்கப்போவதே இல்லை. பார்க்காத பொருளுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் வீணாகும் நேரம் அதிகம் வலிக்கும். 40 பக்கங்களில் எண் மாற்றும் மாலைப் பொழுதுக்கும் கிளையன்ட் காசு தரப்போவதில்லை. “அஞ்சு நிமிஷ வேலைதானே” என்றுதான் சொல்வார். உண்மையிலேயே ஐந்து நிமிடத்தில் முடியும்படி வைத்திருப்பது ஒன்றே அதற்கு வழி.

எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்ற வருத்தமும் உண்டு. பூட்ஸ்ட்ராப் வந்த புதிதில் அது நடந்தது உண்மை. அடுத்தவர் லைப்ரரியை அப்படியே எடுத்து வைத்ததால் வந்த வினை அது. ஒரு தளத்துக்குள் எல்லா பட்டனும் ஒரே மாதிரி இருப்பது குறையில்லை. அதில் மிச்சமாகும் நேரத்தைத்தான் தளத்தின் தனி முகத்துக்குச் செலவழிக்க முடியும்.

“இனிமே எல்லாம் ஏஐ பண்ணிடும்” என்பது அடுத்த பதில். ஏஐ கருவிகள் பக்கங்களை நிமிடத்தில் செய்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் எதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லாவிட்டால், அவையும் புதிதாக ஒரு பட்டனைச் செய்து வைத்துவிட்டுப் போகும். 2025-இல் ஃபிக்மா, தன் ஃபைலில் உள்ள காம்பொனென்ட் விவரங்களை ஏஐ கருவிகள் நேரடியாகப் படிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. படிக்கத் தகுந்த பெயர்கள் அங்கே இருந்தால்தான் அதில் பயன். ‘பட்டன் ஃபைனல் 2’ என்பதை மனிதனாலேயே புரிந்துகொள்ள முடியாதபோது, இயந்திரம் என்ன செய்யும்?

எங்கிருந்து தொடங்குவது?

பிராட் ஃப்ராஸ்ட் சொல்லித்தந்த ஒரு பயிற்சி இருக்கிறது. ‘இன்டர்ஃபேஸ் இன்வென்டரி’ என்று பெயர். கடையில் வருடக் கடைசியில் ஸ்டாக் எடுப்பது போலத்தான். தளத்தில் உள்ள எல்லா பட்டன்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே பக்கத்தில் ஒட்ட வேண்டும். பிறகு கார்டுகள், படிவங்கள், தலைப்புகள். அரை நாள் போதும். பதினோரு வகை நீலம் வரிசையாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, மேலாளருக்குத் தனியாக விளக்க வேண்டிய அவசியம் இருக்காது.

அதில் மூன்று இடங்களுக்கு மேல் வருவதை மட்டும் எடுத்து, வேலையை வைத்துப் பெயர் கொடுத்து, மூலமாக்கினால் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு, எங்கே பயன்படுத்த வேண்டும், எங்கே கூடாது என்று. ஃபிக்மாவில் அதற்கென்றே விளக்கப் பகுதி இருக்கிறது. பெரும்பாலும் அது காலியாகக் கிடக்கிறது.

பழையதை உடனே அழிக்கக் கூடாது. ‘இனி வேண்டாம்’ என்று பெயரில் குறித்து, தனிப் பக்கத்துக்கு நகர்த்தி, ஒரு தேதி கொடுத்து, பயன்படுத்துபவர்கள் மாறிய பிறகு நீக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருவர் பெயரைப் பொறுப்பாளர் என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு பேர் உள்ள ஸ்டூடியோவிலும் அது ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட லைப்ரரியை யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

அப்புறம் கொட்டேஷன். ‘ஹோம் பேஜ் டிசைன்’, ‘உள்பக்கங்கள்’, ‘மொபைல் வடிவம்’ என்று வரிசையாக எழுதும் அந்தத் தாளில், ‘காம்பொனென்ட் ஒழுங்கு, ஒரு நாள்’ என்று ஒரு வரி சேர வேண்டும். நிறுவனங்களில் டைம்ஷீட்டிலும் அதற்கு ஒரு கட்டம் வேண்டும். டிசைன் முடிந்த பிறகு நேரம் இருந்தால் செய்யும் வேலையாக இது இருக்கும்வரை, அந்த நேரம் வரவே வராது. கிளையன்ட் “இது என்னங்க?” என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக இருக்கிறது. “சார், நாளைக்கு நீங்க நம்பர் மாத்தினா, நாற்பது பக்கத்துலயும் ஒரே நேரத்துல மாறும். அதுக்குத்தான்.”

ஈரோட்டுக் கடைக்காரருக்கு காம்பொனென்ட், இன்ஸ்டன்ஸ், டிடாச் எதுவும் தெரிய வேண்டியதில்லை. மொத்த ஆர்டர் கொடுக்க நினைப்பவர் அழைக்கும்போது, அவர் கடையில் போன் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தேவை.